கசியும் கருப்பட்டியும் ஐந்தாவது யூனிட்டும்

ஐந்தாவது யூனிட்டை யாரும் ஒழுங்காக நடத்துவதில்லை. நானும் வெகுகாலம் நடத்தியதில்லை. தொழில்முனைவு என்ற பாடத்தை இந்த வருடம் புதிதாகக் கையில் எடுத்திருக்கிற உங்களிடம் முதலிலேயே இதை ஒப்புக்கொண்டுவிட்டால், மற்றதைச் சொல்வது எனக்குச் சுலபம்.

உங்களுக்கும் தெரியும். சந்தை ஆய்வு, திட்ட அறிக்கை, மூலதனம், விற்பனை என்று நான்கு யூனிட்டை ஓட்டி முடிப்பதற்குள் செமஸ்டர் தீர்ந்துவிடும். பாடத்திட்டத்தின் வாலில் 'வணிக அறம்' என்று ஒரு யூனிட் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதிலும் பாதி, வருகைப்பதிவு குறைந்த பிள்ளைகளின் அழுகையில் போய்விடும். மீதி அரை மணியில் நேர்மை, நம்பகத்தன்மை, பொறுப்புணர்வு என்று ஏழு தலைப்புகளை நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் அதிலிருந்து பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று கட்டாயம் வரும். எட்டுக்குக் குறைந்து யாரும் வாங்க மாட்டார்கள். பாளையங்கோட்டையில் இருபத்தொன்பது வருடம் இப்படியே காலம் தள்ளினேன். நேர்மையில் எட்டு வாங்கியவர்களை வரிசையாக நிறுத்தினால் வண்ணார்பேட்டை தாண்டிப் போகும்.

நான் ஒன்றும் ஊரை ஏமாற்றித் திரிகிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், கடைக்காரர் மீதியைக் கூடக் கொடுத்தால் திரும்ப நடந்துபோய்க் கொடுக்கிறவள். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். உங்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற நல்லவர்களாகவே இருப்பீர்கள்.

செல்வக்கனி என்று ஒரு மாணவி. எம்.பி.ஏ. இரண்டாம் வருடம். உடன்குடிக்கு அந்தப் பக்கம், செம்மணல் மேடுகளான தேரியை ஒட்டிய ஊர். அப்பா பனையேறுகிறவர், அம்மா பதனீர் காய்ச்சுகிறவர். வகுப்பில் இருக்கிற இடமே தெரியாது. அந்தச் சமயம் எங்கள் கல்லூரியில் தொழில்முனைவோர் மையம் என்று ஒன்றைத் தொடங்கி என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். ஒரு அறை, இரண்டு மேசை, அறையைவிடப் பெரிய பெயர்ப்பலகை. அங்கே வந்து சேர்ந்த முதல் உருப்படியான யோசனை அவளுடையது.

அவள் ஊரில் பதனீரோடு சீனி சேர்த்துக் கருப்பட்டி காய்ச்சுவது பழகிப்போயிருந்தது. சீனி சேர்த்தால் எடை கூடும், சீக்கிரம் இறுகும், மழையிலும் கல் மாதிரி நிற்கும். வாங்க வருகிற வியாபாரி சுத்தமானதற்கும் கலந்ததற்கும் ஒரே விலைதான் சொல்வார். அப்புறம் யார் சுத்தமாகக் காய்ச்சுவார்கள்? செல்வக்கனி தன் தெருவில் பதினோரு பெண்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறாள். இந்த ஒரு பருவம் சீனி போடாமல் காய்ச்சுங்கள், அவ்வளவையும் விற்றுத் தருவது என் பொறுப்பு என்றிருக்கிறாள். அவர்களும் சரி என்று, பங்குனியிலிருந்து ஆடி முடியும்வரை சீனி மூட்டையை வாசற்படி ஏறவிடவில்லை. சிரட்டைகளில் ஊற்றி எடுத்த கருப்பட்டி அத்தனையும் அடுப்புக்கு மேலே பரணில், ஈரம் ஏறாமல் புகை படும்படி அடுக்கியிருந்தது. அது விற்றாக வேண்டும். அதுதான் அவள் கொடுத்த வாக்கு.

என் பங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பொட்டலம் என் யோசனை. அதன்மேல் பச்சை எழுத்தில் 'கலப்பில்லாத பனங்கருப்பட்டி' என்று போட்டது அவள். சென்னையில் பல கிளைகள் வைத்திருந்த ஒரு கடைக்கு ஆவணி மாதம் மாதிரி அனுப்பி, விடாமல் போன் செய்து, அவர்களுடைய கொள்முதல் மேலாளரே நேரில் வருகிறேன் என்று சொல்ல வைத்ததும் நான்தான். அவர் கையெழுத்துப் போட்டால் பதினோரு வீட்டுப் பரணும் ஒரே மாதத்தில் காலியாகும். எங்கள் முதல்வர் வராந்தாவில் என்னைக் கண்டாலே சிரிக்கத் தொடங்கியிருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மேலாளர் வர ஒத்துக்கொண்டது கார்த்திகை மாதம். அந்த வருடம் மழை விடாமல் ஊற்றியது. ஆற்றில் தண்ணீர் செங்காவியாகக் கல்மண்டபத்தைத் தொட்டுக்கொண்டு போனது. பரணிலிருந்து இறக்கிப் பொட்டலம் போட்ட கருப்பட்டி ஐந்தாம் நாள் கசிய ஆரம்பித்தது. மேலே முத்து முத்தாக ஈரம், அடியில் பாகு.

மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த உடம்பு இது. ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டு ஜாடியில் கரண்டி ஒட்டிக்கொள்ளும். அதைக் குறை என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. சுத்தமான கருப்பட்டி அப்படித்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் சென்னையிலிருந்து ஆள் வரப்போகிறார் என்றதும் அதே ஈரம் என் கண்ணுக்குத் தரக்குறைபாடாகப் பட்டது. 

வள்ளியூர்ச் சந்தையில் ஒரு மொத்த வியாபாரி எனக்குப் பழக்கம். அவருக்குப் போன் செய்தேன். "மழையாவது வெயிலாவது டீச்சர், நம்ம சரக்கு அசையாது. அங்கன வச்சா வச்ச மானிக்கு இருக்கும்" என்றார். எப்படி அண்ணாச்சி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், ஒளித்து மறைக்கிற ஆள் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால்தான் கேட்கவில்லை. இரண்டு பெட்டி அனுப்பச் சொன்னேன்.

பெட்டி வந்ததும் செல்வக்கனி ஒரு கருப்பட்டியை எடுத்து மேசை விளிம்பில் தட்டி உடைத்தாள். உடைந்த இடம் பளபளவென்று மின்னியது. ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல சீனி கெடக்கு மேடம்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் பேசியதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. கொஞ்சம்தானே இருக்கும் என்றேன். பொட்டலத்தில் 'கலப்பில்லாத' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுவோம், 'பனங்கருப்பட்டி' என்று இருக்கட்டும், அதில் பொய் எதுவும் இல்லையே என்றேன். முதலில் ஆர்டர் கைக்கு வரட்டும், வெயில் அடித்ததும் உங்கள் ஊர்ச் சரக்கையே அனுப்பிக்கொள்ளலாம், இதற்குப் பெயர் இடைக்கால ஏற்பாடு என்றேன். வணிக அறம் நடத்தியதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், எந்தத் தப்புக்கும் மரியாதையான ஒரு பெயர் சட்டென்று வாயில் வரும் என்பதுதான். இருபது நிமிடம் பேசியிருப்பேன்.

"யோசிக்கேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு புது லேபிள் அச்சடிக்கக் கொடுத்தேன்.

மேலாளர் வந்த அன்று காலையும் மழைதான். முப்பது வயதுக்குள் இருப்பார். நனைந்த சட்டையோடு உள்ளே வந்தவர், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்ததே எனக்குப் பிடித்துப்போயிற்று. அவரை வில்லனாக நினைத்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கதையில் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மேசைமேல் புது லேபிள் ஒட்டிய வள்ளியூர்க் கருப்பட்டியை நான் அழகாக அடுக்கி வைத்திருந்தேன். செல்வக்கனி ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு ஓலைக் கொட்டானை மடியில் வைத்துக் கொண்டுவந்து தன் நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தாள். அது எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா இருக்கட்டும் என்றாள்.

அவர் ஒரு கருப்பட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மேசையில் தட்டினார், காப்பியில் ஒரு துண்டைக் கரைத்துக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். காய்ச்சுகிற பெண்களைப் பற்றிக் கேட்டார். செல்வக்கனி ஒவ்வொருவர் பெயராகச் சொன்னாள். ஒப்பந்தக் காகிதத்தை எடுத்து மேசையில் விரித்து, பேனா மூடியைக் கழற்றிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இந்த மழையிலயும் இவ்வளவு ட்ரையா இருக்கே. வருஷம் முழுக்க இப்படியே இருக்குமா?"

"இருக்கும்" என்று நான் முந்திக்கொண்டேன்.

செல்வக்கனி எழுந்து நின்றாள்.  குனிந்து கொட்டானை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது இப்படியேதான் இருக்கும் சார். ஆனா இது எங்க கருப்பட்டி இல்ல. இதுல சீனி சேந்திருக்கு. எங்களது இந்தா இருக்கு. மழைக்குக் கசியும்."

கொட்டானின் அடியில் பாகு இறங்கி ஒப்பந்தக் காகிதத்தின் மூலையில் பழுப்பாக ஒரு வட்டம் போட்டது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கொட்டானிலிருந்து ஒன்றை எடுத்து, பிசுபிசுத்த விரலோடு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.  இது வேற மாதிரி இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு என்றார். ஆனால் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். தங்கள் கடையில் இது ஒரு வாரம் தாங்காது, கெட்டுப்போய்விட்டது என்று வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று வருத்தத்தோடுதான் சொன்னார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவளிடம், "நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார்.

"அது தெரியும் சார். அதான் சொன்னேன்" என்றாள்.

அவர் போனதும் நான் அவளை வராந்தாவில் நிற்க வைத்து ஏசினேன். வகுப்பு மாறிப் போகிற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் கௌரவம் போனதற்குத்தான் அவ்வளவு கோபம், ஆனால் வாயில் வந்தது அந்தப் பெண்களின் பெயர். உன் மனசு சுத்தமாக இருக்க வேண்டும் என்று பதினோரு வீட்டுப் பரணையும் மழையில் கரைத்துவிட்டாயே, இது என்ன நேர்மை, இது சுயநலம் இல்லையா என்று கேட்டேன். அது சாதாரணக் கேள்வி இல்லை. இப்போது யோசித்தாலும் அதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. அவளிடமும் இருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் போயி அவியகிட்டச் சொல்லணும் மேடம். நீங்களும் வாறியளா? தனியாப் போகப் பயமா இருக்கு" என்றாள்.

போனேன். துணைக்குப் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அந்தப் பெண்கள் அவளைக் கேட்கப்போகிற கேள்வியை என் காதால் கேட்க வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். திருச்செந்தூர் வரை ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்தது. 

இசக்கியம்மாள் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும் இசக்கியம்மாளுக்கு. முதலில் சரி என்றவர் அவர்தான், அவரைப் பார்த்துத்தான் மற்றப் பத்துப் பேரும் சீனியை விட்டது. ஏசுவதற்கு உரிமை இருந்தால் அவருக்குத்தான் இருந்தது. அடுப்பில் தேங்காய்க் கதம்பை புகைந்துகொண்டிருந்தது. பரணில் கருப்பட்டி ஓலையின் அடியில் அடுக்கடுக்காகத் தெரிந்தது. செல்வக்கனி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றை மட்டும் மறைத்துச் சொன்னாள். வள்ளியூர்ச் சரக்கைக் காட்டி ஆர்டரை வாங்கிவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தது, தனக்கு மனசு வரவில்லை என்றாள். யாருடைய யோசனை என்று சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

 ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூரையிலிருந்து ஒரு மூலையில் தண்ணீர் சொட்டியது.

"நம்ம கருப்பட்டிய அந்தாளு வாயில வச்சாரா?" என்று கேட்டார் இசக்கியம்மாள்.

"வச்சாரு அத்த. நல்லா இருக்குன்னாரு."

இசக்கியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"ஏளா கனி, சீனி போட்டு விக்க எங்களுக்குத் தெரியாதா? அதுக்கு நீ எதுக்கு? நீ வேண்டாம்னு சொன்ன, நாங்க போடாம இருந்தோம். நீயே சீனிக் கருப்பட்டியக் கொண்டு வித்துட்டு வந்திருந்தா, எங்க மூஞ்சியில எப்படி முழிச்சிருப்ப?"

அவ்வளவுதான். எழுந்துபோய் அடுப்பில் இன்னும் இரண்டு கதம்பையைத் தள்ளினார். கசிவதை முதலில் இறக்குங்கள், வீட்டுக்கு வீடு ஆள் போட்டுப் புகை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மற்றவர்கள் ஏணியைக் கொண்டுவந்தார்கள். செல்வக்கனி சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே ஏறினாள்.

எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. இதைவிட நாகரிகமான சொல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு பருவத்து உழைப்பு தலைக்கு மேலே கசிந்துகொண்டிருக்கிறது, அதைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே கையெழுத்தை அந்தப் பெண் காலையில்தான் வேண்டாம் என்று வந்திருக்கிறாள், அவர்கள் அவளிடம் கேட்டது இவ்வளவுதான். நான் வராந்தாவில் கேட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியே அவர்களுக்குத் தோன்றவில்லை. நம்பகத்தன்மை என்ற சொல்லை இருபத்தொன்பது வருடம் எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது எந்த மாதிரி முகத்தோடு இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பயபக்தி என்று கோயிலில் சொல்வார்களே, அந்த அடுப்படியில் எனக்கு அது வந்தது.

நேர்மையாக இருந்தால் லாபம் தானாக வரும் என்று தயவுசெய்து வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். அந்த வருடம் மூன்றில் ஒரு பங்கு இளகிப் பாகாகிவிட்டது, அதைத் திரும்பக் காய்ச்ச வேண்டியிருந்தது. பதினொன்றில் இரண்டு பேர் அடுத்த பருவம் சீனி மூட்டைக்கே திரும்பினார்கள். அவர்களை ஒரு சொல் சொல்லக் கூடாது என்று செல்வக்கனி என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள். மீதிச் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விற்றாள். எங்கள் சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை விற்பனையில் அவளுக்கு ஒரு மேசை வாங்கிக் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாம், ஏன் ஈரமாக இருக்கிறது, பழசா என்று கேட்டார்கள். பதில் சொல்ல நானும் பக்கத்தில் நின்றேன். நாற்பது பேருக்குச் சொல்லி வாய் வலித்த பிறகு அவள் ஒரு அட்டையை எடுத்துக் கையால் எழுதி வைத்தாள்: 'மழைக்காலத்தில் கசியும்.'

இன்றைக்கும் அவள் பொட்டலத்தில் அந்த வரி இருக்கிறது. பிளாஸ்டிக் போய் ஓலைக் கொட்டான் வந்துவிட்டது. அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரியையும் சேர்த்திருக்கிறாள்: 'கசியாவிட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள்.' பக்கத்தில் அவள் போன் எண். வியாபாரம் பெரிதாகிவிடவில்லை. ஆனால் நடக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன். அன்று மாலை நாங்கள் கிளம்பும்போது இசக்கியம்மாள் எனக்கு ஒரு கொட்டான் நிறையக் கருப்பட்டி தந்தார். தந்துவிட்டு, சும்மா மரியாதைக்குக் கேட்பது போலத்தான் கேட்டார்: "டீச்சர், நீங்க பிள்ளையளுக்கு என்ன பாடம் நடத்துதிய?"

நான் கொட்டானைக் கை மாற்றிப் பிடித்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த செல்வக்கனி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"இதத்தான் அத்த. கலப்படம் பண்ணக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே இவியதான்."

இசக்கியம்மாள் இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். காலையிலிருந்து அந்தப் பெண் சொன்ன ஒரே பொய் அது, அதுவும் எனக்காக. அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு மழையில் பஸ் ஏறினேன்.

ஓய்வு பெற எனக்கு அப்போது இரண்டு வருடம் பாக்கி இருந்தது. அடுத்த ஜூனில் புது வகுப்புக்குப் போன முதல் நாளே ஐந்தாவது யூனிட்டைத் தொடங்கினேன். வள்ளியூருக்குப் போன் செய்தது யார் என்பதிலிருந்து தொடங்கினேன்.